மனசுக்கும் ஒரு தெர்மாமீட்டர்

சாத்தூரில் என் சித்திக்கு ஒரு தையல் கடை. மார்பகப் புற்றுநோய்தான் என்று பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பியவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. கடையைத் திறந்து, ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய பதினோரு ஜாக்கெட்டுக்கும் ஹூக் வைத்து முடித்துவிட்டுத்தான் வந்தார். தெருவே அதைப் பேசியது. "என்னா தைரியம் பாத்தீகளா!" நாங்களும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு, அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்துபோன நான் பார்த்துவிட்டேன். "எல்லாரும் தைரியசாலின்னு சொல்லிட்டீக. இனிமே நான் எங்கிட்டுப் போயித்தா அழுவேன்?" என்றார்.

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபின் உடம்புக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது. ஆபரேஷன், கீமோ என்கிற மருந்து ஏற்றுவது, கரண்டு வைப்பது என்கிற கதிர்வீச்சு, மாத்திரை என்று வரிசையாக ஃபைலில் எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். மனசுக்கு என்ன செய்வது என்று எங்கள் ஃபைலில் ஒரு வரி இல்லை. நான் மருத்துவர் இல்லை. ஒன்றரை வருடம் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவள். கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் ரிப்போர்ட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் சில நாள்

முதல் சில நாள் தலைக்குள் எதுவும் நிற்காது. டாக்டர் "கேன்சர்" என்ற வார்த்தையைச் சொன்னதற்குப் பிறகு பேசிய இருபது நிமிடத்தில் சித்திக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. மேஜைமேல் இருந்த மூடி இல்லாத தண்ணீர் பாட்டில் மட்டும் நினைவிருக்கிறதாம். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் இப்படித்தான். அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியதை முந்தின நாளே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பதிலையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். டாக்டர் சம்மதித்தால் போனில் பதிவுசெய்துகொள்ளலாம்.

இன்னொன்று. இன்றைக்கே, இப்போதே முடிவெடுத்தாக வேண்டும் என்று எல்லாரும் பறப்பார்கள். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் ஒன்றிரண்டு வாரம் நிதானமாக யோசிக்கவும், வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் அவகாசம் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு விஷயம், அது ஆபத்து.

இந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் "மனசு ஐந்து படியைத் தாண்டித்தான் போகும்" என்று சொல்வார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்றுக்கொள்வது என்ற அந்த ஐந்தையும் 1969-ல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர். சாகும் தறுவாயில் இருந்தவர்களோடு பேசி அவர் எழுதியது அது. ரிப்போர்ட் வாங்கிய ஒவ்வொருவரும் வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டாக அதை நினைத்துக்கொண்டு, "எனக்கு இன்னும் கோபமே வரவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம். சித்திக்குக் காலையில் ஏற்பு, மத்தியானம் கோபம், சாயங்காலம் சீரியல், ராத்திரி அழுகை. ஒரே நாளில்.

அளந்து பார்க்கிற வித்தை

காய்ச்சல் அடித்தால் நாம் தைரியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தெர்மாமீட்டரை வைத்து எத்தனை என்று பார்க்கிறோம். 99 என்றால் கஞ்சி, 103 என்றால் ஆஸ்பத்திரி. மனசுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நியூயார்க்கில் ஜிம்மி ஹாலந்து என்றொரு பெண் மனநல மருத்துவர் இருந்தார். மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1977-ல், புற்றுநோய் வந்தவர்களின் மனநிலையைக் கவனிப்பதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியவர். உளப்புற்றுநோயியல் என்று இன்றைக்கு ஒரு துறையே இருக்கிறதென்றால் அதற்கு அவர்தான் பெரிய காரணம். 1990-களின் கடைசியில் அவரும் மற்றவர்களும் ஒரு சிக்கலைப் பார்த்தார்கள். "உங்களுக்கு டிப்ரெஷன் இருக்கிறதா? சைக்கியாட்ரிஸ்டைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம் நியூயார்க்கிலும் அப்படியேதான். அதனால் யாருக்கும் உறுத்தாத "டிஸ்ட்ரெஸ்" என்ற சொல்லை எடுத்தார்கள். தமிழில் மன உளைச்சல் என்று சொல்லலாம். அதை அளக்க ஒரு தாளில் தெர்மாமீட்டர் படம் வரைந்து, அடியில் 0, உச்சியில் 10 என்று போட்டார்கள். "இன்றைக்கும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் உங்கள் உளைச்சல் எந்த அளவு இருந்தது? ஒரு எண்ணைச் சுழியுங்கள்." அவ்வளவுதான் பரிசோதனை. 4-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ யாராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு.

பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் கனடாவில் 2004-ல் இந்த உளைச்சலை ஆறாவது உயிர்க்குறியாக ஏற்றுக்கொண்டார்கள். உடல் சூடு, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வலி ஆகிய ஐந்தையும் நர்ஸ் குறித்துக்கொள்வது போல இதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, நாமே அளந்துகொண்டு போய்ச் சொல்லலாம்.

சிவகாசி பக்கத்தில் இருப்பதால் எங்கள் வீடுகளில் தினசரி காலண்டருக்குப் பஞ்சமே இல்லை. சித்தி அதில், ராகுகாலம் எமகண்டத்துக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவால் தினமும் ஒரு எண் போட ஆரம்பித்தார். முதல் நாள் போட்டது 7.

எண் மட்டும் தெரிந்தால் போதாது. ஜுரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமே. அதனால் அந்தத் தாளில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட பட்டியலும் இருக்கும்: பணம், போக்குவரத்து, பிள்ளைகள், கணவர், தூக்கம், வலி, சாப்பாடு, பயம், துக்கம், கடவுள்மேல் வருத்தம் என்று. எது எது படுத்துகிறதோ அதற்கு டிக் போட வேண்டும். சித்தியின் 7-க்குக் காரணம் சாவு பயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதற்கு, "அது கெடக்கட்டும்த்தா. கீமோ ஏத்திட்டு வரும்போது பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டேன்னா? எல்லாரும் பாப்பாகளே" என்றார். இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை மதுரை போய்வருவதுதான் அவரை ராத்திரி தூங்கவிடாமல் செய்திருக்கிறது. இரண்டாவது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சித்தி மகள், என் தங்கச்சி. "அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு எவனாச்சும் சொல்லிட்டா?"

இந்த இரண்டுக்கும் கைப்பிடி இருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் விலக்கு; துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். சாத்தூரிலிருந்து மதுரைக்கு ரயில் இருக்கிறது, ரயிலில் கழிவறையும் இருக்கிறது. கீமோ நாளன்று ராத்திரி மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது என்றும் முடிவானது. மகள் விஷயத்தில், மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுவால் நேரடியாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான் என்று டாக்டர் சொன்னார். சந்தேகம் இருந்தால் மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த வாரமே காலண்டரில் 7 இறங்கி 4 ஆனது. யாரும் தைரியம் சொல்லவில்லை. ரயில் டிக்கெட்தான் எடுத்தோம்.

பணமும் அந்தப் பட்டியலில் பெரிய டிக். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதை முதல் நாளே விசாரித்துவிடுவது மனநல சிகிச்சையில் பாதி என்பேன்.

"பாசிட்டிவா நினைங்க"

இது ஒரு தொல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இதற்குள் ஒரு மிரட்டல் ஒளிந்திருக்கிறது: நீ அழுதால் நோய் முற்றிவிடும். ஹாலந்து இதை நேர்மறை எண்ணத்தின் கொடுங்கோன்மை என்றே சொல்லியிருக்கிறார்.

உண்மை என்ன? 1989-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்பவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். உடம்பில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களில், வாராவாரம் குழுவாக உட்கார்ந்து பேசியவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள் என்றது அது. உலகமே பரபரத்தது. 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே பெரிதாகச் செய்து பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் பேசியவர்களுக்கு மன உளைச்சலும் வலியும் குறைந்திருந்தன. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் ஆறுதலாகப் பட்டது. மனசைக் கவனித்தால் நாட்கள் லேசாகும். அதற்குமேல் ஒரு பாரத்தை அதன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஒருநாள் உடைந்து அழுததால் கீமோ வேலை செய்யாமல் போய்விடாது.

அதேபோல, "நீ ரொம்பக் கவலைப்பட்டதாலதான் வந்துச்சு" என்பார்கள். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. மன அழுத்தத்தால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. மாமியார் கொடுமையும் வரவில்லை, பில்லி சூனியமும் வரவில்லை, முன்ஜென்மப் பாவமும் அந்தக் கணக்கில் இல்லை.

இந்த நோய் என்றாலே பெரியவர்கள் நடுங்குவதைக் குறை சொல்லவும் முடியாது. அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதே 1954-ல்தான், பன்னிரண்டு படுக்கையோடு. எங்கள் பாட்டி தலைமுறைக்குப் புற்று என்றால் வைத்தியமே இல்லாத ஒன்று. அவர்கள் பயம் அவர்கள் பார்த்ததிலிருந்து வந்தது. இன்றைக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, பேரன் பேத்தி பார்க்கிறார்கள். அந்த அடையாறு மருத்துவமனையிலேயே இப்போது உளப்புற்றுநோயியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

மருந்தும் மனசும்

எல்லா அழுகையும் மனசிலிருந்து வருவதில்லை என்பது எனக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது. கீமோவோடு வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதை எடுக்கிற இரண்டு மூன்று நாள் சித்தி தூங்கவே மாட்டார். ராத்திரி ஒரு மணிக்குப் பரண் துடைப்பார். மருந்து நின்ற மறுநாள் அப்படியே சரிந்து விழுவார். கண்ணீர், எரிச்சல், "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்ற பேச்சு. காலண்டரில் எண்களைப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் நான்காம் ஐந்தாம் நாளில் 8. மூன்றாவது சுற்றில் அதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையைக் காலையிலேயே போடச் சொன்னார். சரிவு முழுக்க நிற்கவில்லை. ஆனால் "இன்னிக்கு மருந்து அழுகுது, நான் இல்ல" என்று சித்தியே சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்தது.

ரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கமின்மை, தீராத வலி எல்லாமே மனச்சோர்வு மாதிரி வேஷம் போடும். கீமோவால் மாதவிடாய் சட்டென்று நின்றுபோனால் உடம்பு தகதகவென்று எரிவதும், வியர்த்துக் கொட்டுவதும், காரணமில்லாத கோபமும் சேர்ந்து வரும். அதனால் மனசு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லும்போது ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்வது நல்லது.

மறதியும் வரும். முப்பது வருடம் அளவெடுத்த கை, ஒரே ஜாக்கெட்டுக்குக் கையை இரண்டுமுறை தப்பாக வெட்டியது. துணியை மடியில் வைத்துக்கொண்டு சித்தி உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கீமோவுக்குப் பிறகு கவனமும் ஞாபகமும் மழுங்குவது பலருக்கும் நடப்பதுதான்; பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. அதுவரை எல்லா அளவையும் நோட்டில் எழுதி, வெட்டுவதற்குமுன் தங்கச்சியைப் படித்துக் காட்டச் சொன்னார்.

உடம்பை அசைப்பது பற்றி ஒரு வார்த்தை. "படுத்தே இரு, அலுங்காதே" என்பது பழைய பேச்சு. 2019-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு, புற்றுநோய் கண்டவர்களின் பதற்றத்துக்கும் சோர்வுக்கும் வாரம் மூன்றுநாள், அரை மணி நேரம், சற்று மூச்சு வாங்கும் அளவு நடை போன்ற பயிற்சியைப் பரிந்துரைத்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தெருவில் நடந்தால் ஆளாளுக்கு விசாரிப்பார்கள் என்று சித்தி மொட்டைமாடியில் நடந்தார்.

முடியும் மார்பும்

கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும். தலையணையில் கற்றையாகக் கிடப்பதைப் பார்ப்பதற்கு ஆபரேஷனே மேல் என்று சொன்ன பெண்கள் உண்டு. சித்தி முதல் கீமோவுக்கு முந்தின ஞாயிறு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மிடம் மொட்டைக்கு ஒரு மரியாதை இருக்கிறதே, நேர்த்திக்கடன் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. உதிர்வது தன் கையில் இல்லை, கொடுப்பது தன் கையில் இருந்தது. ஒரு எச்சரிக்கை: கீமோ தொடங்கியபின் ரத்த வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சவரக்கத்தி பட்டால் சிறு கீறலும் சீழ் வைக்கலாம். அதனால் முன்னாலேயே செய்துவிடுவது, அல்லது மெஷினில் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

மார்பு போனது வேறு மாதிரி. சித்தி ஆறு வாரம் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவில்லை. சித்தப்பாவோடு பேசுவதும் குறைந்துபோனது. தொட்டால் வலிக்குமோ என்று அவர் தள்ளிப் படுக்க, அருவருப்பில்தான் தள்ளிப் படுக்கிறார் என்று இவர் நினைக்க, மாதக்கணக்கில் ஒரே அறைக்குள் ஊமை நாடகம். தம்பதிகள் இதை வெளியில் சொல்லமாட்டார்கள். ஆனால் புற்றுநோய் டாக்டரிடமும் நர்ஸிடமும் தாம்பத்யத்தைப் பற்றிக் கேட்கலாம், கேட்பதற்கு உரியதுதான்.

புண் ஆறியபின் ஒருநாள் கடையில் சித்தி எதையோ தைத்துக்கொண்டிருந்தார். பழைய வேட்டித் துணியில் உறை, உள்ளே பஞ்சு. வெறும் பஞ்சு எடை இல்லாமல், கையைத் தூக்கினால் மேலே ஏறிக்கொண்டது. பிரித்து, அடியில் ஒரு சின்னப் பைக்குள் கேழ்வரகு போட்டார், வண்டு வைக்காமலிருக்க வறுத்து. பையைத் தனியே எடுத்துவிட்டு உறையைத் துவைக்கலாம். ஜாக்கெட்டுக்குள் ஒரு பாக்கெட் வைத்து அதில் செருகிக்கொண்டார். கடைகளில் சிலிக்கானில் செய்ததும் கிடைக்கிறது, விலை அதிகம். அன்றைக்குத்தான் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "டார்ட்டு கரெக்டா உக்காந்திருக்கு" என்றார். தையல்காரி பேச்சு. அடுத்த கீமோவில் பக்கத்து பெட் அக்கா "எனக்கும் ஒண்ணு தச்சுத் தாறீகளா?" என்று கேட்டார். அந்த அக்காவோடு சித்தி பேசிய பேச்சை எங்களில் யாரிடமும் பேசியதில்லை. ஏற்கெனவே அந்த வழியில் போனவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள், இல்லாவிட்டால் கீமோ வார்டே ஒரு சங்கம்தான்.

மறைப்பவர்களும் விசாரிக்க வருகிறவர்களும்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீக. கட்டின்னு சொல்லுங்க போதும்." பாசம்தான். ஆனால் தலைமுடி கொட்டும்போது, பக்கத்து பெட்டில் இருப்பவர் பேச்சுக் கொடுக்கும்போது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவர் தெரியாதது போல நடிப்பார், நாம் சொல்லாதது போல நடிப்போம், யாரிடமும் பேசமுடியாமல் அவர் தனியாகிப்போவார். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்பதுதான் மரியாதை. சிலர் எல்லாம் வேண்டும் என்பார்கள். சிலர் "நீயே பாத்துக்கோ" என்பார்கள். அதுவும் அவர் உரிமை. பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கேற்றபடி சொல்லிவிடுவது நல்லது. சின்னக் குழந்தைகள் தாங்கள் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு மருகும்.

விசாரிக்க வருகிறவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். வாயெல்லாம் புண்ணாக இருந்த வாரத்தில் ஒருவர் அரைக் கிலோ காராசேவு வாங்கிவந்தார், சாத்தூர் மரியாதை. இன்னொருவர் உட்கார்ந்ததுமே, "எங்க ஒண்ணுவிட்ட அக்காவுக்கும் இதேதான், ஆறே மாசம்..." என்று தொடங்கினார். தங்கச்சியை வாசலில் காவல் போட்டோம். "அம்மா தூங்குறாக, நானே சொல்லிருதேன்." வாட்ஸ்அப்பில் வரும் சீத்தாப்பழ இலை வைத்தியத்துக்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். நோயாளி எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எப்போது டாக்டர் வேண்டும்

துக்கமும் பயமும் வந்து வந்து போவது இயல்பு. இரண்டு வாரத்துக்குமேல் அநேகமாகத் தினமும், நாள் முழுக்க மனசு இருண்டே கிடந்தாலோ, பிடித்த எதுவுமே பிடிக்காமல் போனாலோ, சாப்பாடும் தூக்கமும் குலைந்து, நான் எல்லாருக்கும் பாரம் என்ற நினைப்பு வந்தாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. பேச்சு சிகிச்சையும் உண்டு, மாத்திரையும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2022-லிருந்து மத்திய அரசின் டெலி-மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு.

மாத்திரை விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் என்ற மாத்திரையை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் தருவார்கள். கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றினால்தான் அது முழு வீச்சில் வேலை செய்யும். பராக்ஸெடின், ஃபுளூவாக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் அந்த நொதியையே அடக்கிவிடும். வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் மனநல டாக்டரிடம் போகும்போது புற்றுநோய் ஃபைலையும் எடுத்துப் போங்கள், இங்கே எழுதிக்கொடுத்ததை அங்கே காட்டுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முடிந்த பிறகு

கரண்டு வைத்து முடித்த அன்று நாங்கள் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனோம். சித்தி காலண்டரில் 6 போட்டிருந்தார். எங்களுக்குப் புரியவில்லை. "தினம் போயிட்டு இருந்தவரைக்கும் யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தாக. இப்ப வீட்டுக்குப் போன்னுட்டாக. திரும்ப வந்தா யாருக்குத் தெரியும்?" சிகிச்சை முடியும்போதுதான் பலருக்கு மனசு உடைகிறது. அதுவரை அதற்கு நேரமே இருந்திருக்காது. அதற்குப் பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் என்று செக்கப். செக்கப்புக்கு முந்தின வாரமெல்லாம் முதுகு வலித்தாலும் அதுவோ, இருமினாலும் அதுவோ. இந்தப் பயம் அறவே போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். என்னென்ன அறிகுறிக்கு உடனே வரவேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மற்றதற்கு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது என்று சித்தி ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். கவலைப்பட ஒரு நேரமும் ஒதுக்கினார்: சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் இருபது நிமிடம். ராத்திரி வரும் பயத்திடம் "நாளைக்கு அஞ்சரைக்கு வா" என்பாராம். மனநல ஆலோசகர்கள் சொல்லிக்கொடுக்கும் உத்திதான் அது.

இதில் ஒருவரை நாங்கள் எல்லாருமே மறந்துவிட்டிருந்தோம். சித்தப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. சம்பளத்தை விட்டு லீவு, ராத்திரி முழிப்பு, கடன், எல்லாம் அவர் தலையில். வாயைத் திறக்க மாட்டார். போன தை மாதம் ஒருநாள் சித்தி காலண்டர் முன்னால் பேனாவோடு நின்றுகொண்டு, என்ன தோன்றியதோ, "ஆமா, ஒங்களுக்கு எத்தன?" என்று கேட்டார். சித்தப்பா செய்தித்தாளைத் தாழ்த்தவே இல்லை. "எட்டு" என்றார்.

அடுத்த செக்கப்பில் டாக்டர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது, சித்தி எழுந்து தன் நாற்காலியைச் சித்தப்பா பக்கம் நகர்த்திப் போட்டார்.